என்ஜினீயரிங் கனவா? பிளஸ்-1ல் குரூப் எடுக்கும்போதே கவனம் தேவை

10-ம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பெற்றோர் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். "எந்த குரூப் எடுத்தா புள்ளையை என்ஜினீயரிங் சேர்க்கலாம்?" என்பதுதான் பலரின் கேள்வி. அவசரத்தில் தப்பான குரூப்பில் சேர்த்துவிட்டால், 2 வருடம் கழித்து கவுன்சிலிங்கில் நுழையவே முடியாது.

கணக்கு கட்டாயம்

தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் நுழைவுத்தேர்வு 2007-ல் ரத்தானது. அன்று முதல் பிளஸ்-2 மார்க்தான் எல்லாம். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். கணக்கு இல்லாத சயின்ஸ் குரூப், காமர்ஸ் குரூப் மாணவர்களுக்கு இந்த வழி கிடையாது.

கட்-ஆப் 200-க்கு போடப்படுகிறது. இதில் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியல், வேதியியலுக்கு தலா 50. தமிழ், ஆங்கிலத்தில் பாஸ் செய்தே ஆகவேண்டும். ஆனால் அந்த மார்க் கட்-ஆப்பில் சேராது.

கணக்கில் 90, மற்ற இரண்டிலும் தலா 80 எடுத்தால் கட்-ஆப் 170. கணக்கில் 80, மற்ற இரண்டிலும் தலா 90 எடுத்தாலும் அதே 170தான். மூன்று பாடத்தையும் கூட்டினால் இரண்டாவது மாணவருக்குத்தான் 10 மார்க் அதிகம். ஆனாலும் கட்-ஆப் சமமாக இருந்தால் முதலில் கணக்கு மார்க்கைத்தான் பார்ப்பார்கள். முன்னால் நிற்பவர் கணக்கில் 90 எடுத்தவரே.

கம்ப்யூட்டரா, உயிரியலா?

கம்ப்யூட்டர் என்ஜினீயர் ஆக பிளஸ்-1ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தே தீரவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நான்காவது பாடம் கட்-ஆப்பில் வராது. கணக்குடன் உயிரியல் படித்தவரும் கம்ப்யூட்டர் பிரிவில் சேரலாம். அவர் விரும்பினால் 'நீட்' எழுதவும், நர்சிங் போகவும் வழி இருக்கும். ஆனால் உயிரியலில் படிக்க வேண்டியது நிறைய. கணக்குக்கான நேரத்தை அது தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி மாறினால் நஷ்டம்

அரசு பள்ளியில் 6 முதல் பிளஸ்-2 வரை படித்தவர்களுக்கு என்ஜினீயரிங்கில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021 முதல் அமலில் உள்ளது. இதில் சேருவோரின் படிப்பு, விடுதி கட்டணத்தை அரசே கட்டுகிறது. பிளஸ்-1க்காக கடன் வாங்கி தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்தச் சலுகை கைநழுவிப் போகும்.

பிளஸ்-1 பாடத்தை விடாதீர்

பிளஸ்-1 பொதுத்தேர்வு 2025-26 முதல் கிடையாது. அதற்காக அந்த ஒரு வருடத்தை ஓட்டிவிடக் கூடாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கான ஜே.இ.இ. தேர்வில் பிளஸ்-1 பாடத்திலிருந்தும் கேள்வி வரும். கல்லூரி முதல் வருட கணக்குக்கும் அதுதான் அஸ்திவாரம்.

கணக்கு என்றாலே பயப்படும் பிள்ளையை அடித்துப் பிடித்து இந்த குரூப்பில் தள்ள வேண்டாம். தொழில்நுட்பத்தில் ஆசை இருந்தால் 10-ம் வகுப்பு முடித்ததும் பாலிடெக்னிக்கில் 3 வருட டிப்ளமோ சேரலாம். அங்கேயும் கணக்கு உண்டு. ஆனால் செய்முறை அதிகம். டிப்ளமோ முடித்தவர்கள் என்ஜினீயரிங்கில் நேராக 2-ம் ஆண்டில் சேர முடியும்.

விண்ணப்பத்தில் கையெழுத்து போடும் முன் குரூப்பில் என்னென்ன பாடம் என்பதை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.