ஊருக்கெல்லாம் ஒரே சாப்பாடா? உடம்புக்கு உடம்பு கணக்கு வேறு!

சாணார்பட்டி,

“பக்கத்து வீட்டுக்காரர் கேப்பைக் கூழ் குடித்தார், சர்க்கரை இறங்கியது. நானும் குடித்தேன், எனக்கு ஏறிவிட்டது!”

இப்படிப் புலம்புகிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் உண்டு. திண்டுக்கல்லுக்கும் நத்தத்துக்கும் நடுவே பஸ்சில் போய் வருகிற சாணார்பட்டிக்காரர்கள் மட்டும் விதிவிலக்கா என்ன? கூழ் ஒன்றுதான். குடித்த உடம்பு வேறு. அதில்தான் இருக்கிறது விஷயம்.

இது சும்மா வாய்க்கு ருசியான பேச்சு அல்ல. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு சொன்னது. நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல்! கவனிக்காமல் விட்டால் கண், சிறுநீரகம், கால் என்று வரிசையாகக் கை வைக்கும் வியாதி இது. நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்க்கிற கடைக்காரருக்குக் கால் போனால் கடையே போன மாதிரிதான்.

களவு போன தவிடு

முதல் குற்றவாளி யார்? வெள்ளை வெளேர் என்று மின்னும் அரிசிதான்!

முன்பு வீட்டு உரலில் உலக்கையால் குத்திய அரிசியில் தவிட்டில் பெரும் பகுதி ஒட்டிக்கொண்டிருந்தது. மில் வந்தது. பாலிஷ் வந்தது. தவிடும் முளையும் மாட்டுத் தொட்டிக்குப் போயின. நார்ச்சத்து, பி-1 வைட்டமின், இரும்புச் சத்து எல்லாம் அதோடு சேர்ந்து போயின. மிச்சம் இருந்தது மாவுச் சத்து மட்டும்.

இதை முதலில் காட்டிக் கொடுத்தவை கோழிகள். ஜாவா தீவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர் வேலை பார்த்தார். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுந்தன. தவிட்டோடு அரிசி போட்டதும் எழுந்து நடந்தன. ‘பெரிபெரி’ நோயின் முடிச்சு அங்கேதான் அவிழ ஆரம்பித்தது. 1929-ல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எலிகள் சொன்ன சாட்சி

நம் நீலகிரியிலும் ஒரு விசாரணை நடந்தது. குன்னூரில் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு சீக்கியர் சாப்பாடு. இன்னொன்றுக்கு வங்காளிச் சாப்பாடு. மற்றொன்றுக்கு சென்னை மாகாணச் சாப்பாடு. முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய நம்ம எலிகள் கடைசி இடம்!

ஆனாலும் நம்மவர்கள் முழுசாக ஏமாறவில்லை. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் பழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் அரிசிக்குள்ளே இறங்கிவிடும். பச்சரிசியை மில்லில் தீட்டித் தின்ற ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி ஆட்டம் போட்டபோது, புழுங்கல் அரிசி தின்றவர்கள் தப்பினார்கள். பாட்டிமார் வைட்டமின் என்ற பேரே கேட்டதில்லை. வேலையை மட்டும் சரியாகச் செய்தார்கள்.

குன்னூர் ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

கைக்குத்தல் அரிசி, வெல்லம், செக்கு எண்ணெய் என்று ஊர் ஊராகப் போராடியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. 1934-ல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில் தங்கினார். 1960-ல் காலமானார். அவர் சொன்னதை அன்று பழைய பஞ்சாங்கம் என்றார்கள். இன்று அதே அரிசியைக் கண்ணாடிப் பாக்கெட்டில் போட்டு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள்!

சிறுதானியத்திலும் ஏமாற்று!

“அண்ணே, சாமை அரைக் கிலோ கொடுங்க, நல்லா வெள்ளையா இருக்கணும்!”

இப்படிக் கேட்டால் போச்சு. வரகு, சாமை, குதிரைவாலி எல்லாவற்றுக்கும் இப்போது பாலிஷ் உண்டு. வெள்ளையாக இருந்தால் தவிடு போய்விட்டது என்று அர்த்தம். லேசாகப் பழுப்பு நிறம் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்த விஷயம், பக்குவம். கேப்பையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசி பக்கத்திலேயே வர முடியாது. அதற்காக நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி இரண்டு சொம்பு குடித்தால்? மாவு சீக்கிரம் செரிக்கும். சர்க்கரை விர்ரென்று ஏறும். அதையே காய்கறி, பருப்போடு அளவாக, களியாகவோ அடையாகவோ மென்று தின்றால் ஏற்றம் மெதுவாக இருக்கும். தானியம் மாறினால் மட்டும் போதாது, அளவும் மாற வேண்டும்.

இரட்டையர்களுக்கே வேறு கணக்கு

ஒரே சாப்பாடு ஆளுக்கு ஆள் வேறு வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2015-ல் இஸ்ரேலில் 800 பேரைச் சோதித்தார்கள். ஒரே பண்டம் ஒருவருக்கு சர்க்கரையை ஏற்றியது, இன்னொருவருக்கு அசையவில்லை. 2020-ல் இங்கிலாந்தில் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். அவர்களுக்குள்ளேயும் வித்தியாசம்! தூக்கம், வேலை, வயிற்றில் உள்ள கிருமிகள், சாப்பிடும் நேரம் எல்லாம் சேர்ந்து ஆடும் ஆட்டம் இது.

ஒருவருக்கு அமிர்தம், ஒருவருக்கு ஆபத்து

இங்கேதான் உஷார் தேவை. முருங்கைக் கீரை, இளநீர், சிறுமலை வாழைப்பழம் எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஆனால் சிறுநீரகம் கெட்டவருக்கு அவற்றில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் திடீரென்று கட்டுக் கட்டாகக் கீரை தின்றால் மாத்திரையின் வேலை குறையும். ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் உப்பு மூட்டை. நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது டாக்டர்கள் கணக்கு. இன்சுலின் போட்டுக்கொண்டு “இன்று விரதம்” என்று சோறு தள்ளினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும்.

“இந்தக் கஞ்சி குடித்தால் மாத்திரையே வேண்டாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வைத்தியம் அல்ல, வியாபாரம்!

என்ன செய்யலாம்?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்வது இது: தட்டில் பாதிக்குக் காய்கறி, கீரை, பழம் இருக்கட்டும். தானியத்திலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மீதிக்குப் பயறு, பருப்பு, முட்டை, மீன், பால், கொட்டை வகைகள்.

நம்ம தட்டில் நடப்பது என்ன? முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். ராத்திரி வந்தால் புரோட்டா, சால்னா. அதைத் திருப்பிப் போட்டாலே பாதி வழக்கு முடிந்தது.

மீதி வழக்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு நாள் காலை இட்லி, இன்னொரு நாள் கம்பஞ்சோறு. முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை பார்த்து எழுதி வையுங்கள். நாலு வாரத்தில் உங்கள் உடம்பு எதற்கு ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும். நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்புப் பரிசோதனைக்குக் காசு இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சட்டை உங்களுக்குப் பொருந்தாது. அவர் சாப்பாடு மட்டும் எப்படிப் பொருந்தும்?