பூனைகளின் வாய் நாற்றமும் பல் நலமும்

பூனையின் வாயில் மீன் வாடை வீசுவது இயல்பு என்றே பலர் கருதுகின்றனர். உணவின் வாடை சிறிது நேரத்தில் நீங்கிவிடும். நாள்கணக்கில் நீடிக்கும் நாற்றம் பெரும்பாலும் பல் அல்லது ஈறு நோயின் அறிகுறியாகும். பூனை வலியை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. பல்வலியோடும் தட்டில் வைத்ததைத் தின்றுவிடும். அதனால் வளர்ப்பவருக்குத் தெரியவரும் முதல் அறிகுறி பல வேளைகளில் நாற்றமாகவே இருக்கிறது.

பூனைக்குட்டிக்கு 26 பாற்பற்கள் உண்டு. ஏறத்தாழ 6 மாத வயதில் அவை விழுந்து 30 நிலைப்பற்கள் முளைத்திருக்கும். இப்பற்களின் மீது பாக்டீரியாக்கள் மென்மையான படலமாகப் படிகின்றன. அதை அகற்றாவிட்டால் உமிழ்நீரிலுள்ள கனிமங்கள் சேர்ந்து மஞ்சள் அல்லது பழுப்பு நிறக் காரையாக இறுகுகிறது. ஈறு சிவந்து வீங்கும். நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பும் அரிக்கப்படும். பாக்டீரியாக்கள் புரதங்களைச் சிதைக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்களே நாற்றத்தைத் தருகின்றன.

மனிதருக்கு வருவது போன்ற சொத்தைப்பல் பூனைகளுக்கு வருவது அரிது. அவற்றுக்கே உரிய தொல்லை போலப் பரவலாகக் காணப்படுவது பல் கரைதல். இதில் பூனையின் சொந்த உயிரணுக்களே பல்லின் கடினத் திசுவைக் கரைக்கத் தொடங்குகின்றன. குழிவின் மேல் ஈறு வளர்ந்து மூடிக்கொள்வதால், வெளியே சிறு சிவப்புத் திட்டு மட்டுமே தெரியலாம். உள்ளே நரம்பு திறந்துகிடக்கும். வேரின் நிலையை எக்சு-கதிர்ப் படம் காட்டும். பொதுவாகப் பல்லை அகற்றுவதே தீர்வு. பல்லில்லாப் பூனை பட்டினி கிடக்குமே என்ற அச்சம் வேண்டியதில்லை. புண் ஆறியபின் ஈர உணவை அது நன்றாகவே உண்ணும்.

எல்லா நாற்றமும் பல்லிலிருந்து வருவதில்லை. அமோனியா போன்ற வாடை சிறுநீரக நோயையும், பழ வாடை கட்டுக்கடங்காத நீரிழிவையும் குறிக்கலாம்.

சிறிய மென்தூரிகையும் பூனைக்கான பற்பசையும் கொண்டு நாள்தோறும் துலக்குவது சிறந்த தடுப்புமுறை. மனிதரின் பற்பசை கூடாது. பூனை அதைத் துப்பாமல் விழுங்கிவிடும். ஈறுக்கு அடியில் படிந்த காரையை மருத்துவர் மயக்கமருந்து கொடுத்தே நீக்க முடியும். வலிக்கு என்று பாராசிட்டமால் கொடுப்பது மிகக் கொடிய தவறு: பூனையின் கல்லீரலால் அதை முறையாகச் செரித்து வெளியேற்ற முடியாது, ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம்.

எச்சில் ஒழுகுதல், ஒரு பக்கமாக மெல்லுதல், உணவைக் கீழே தவறவிடுதல், உடலை நக்கிச் சுத்தம் செய்யாதிருத்தல் ஆகியவை தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உண்பதையே நிறுத்திவிட்டால் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்கலாகாது. பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்து நேரும்.