பரிந்துரைக் கடிதம்: எந்த ஆசிரியரைக் கேட்பது?

மெல்லிய கம்பி ஒன்றின் விட்டத்தை அளக்க வேண்டும். மேசைமேல் அளவுகோலும் திருகு அளவியும் இருக்கின்றன. எதை எடுப்பீர்கள்? திருகு அளவியைத்தான். அளவுகோல் பழுதான கருவி அன்று. இந்த வேலைக்கு அது பயன்படாது, அவ்வளவே. பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதும் இத்தகையதே.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு மதிப்பெண்ணின்படி நடைபெறுகிறது. அங்கே கடிதத்துக்கு வேலையில்லை. ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல அதைக் கேட்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு இரண்டு ஆசிரியர்களின் கடிதங்கள் வேண்டும்: ஒருவர் கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர், மற்றவர் மொழி, வரலாறு போன்ற பாடங்களின் ஆசிரியர்.

உடனே பலரும் தலைமையாசிரியரை நாடுவார்கள். அல்லது மிகுந்த மதிப்பெண் தந்தவரை நாடுவார்கள். இது சரியா? கணித மேதை இராமானுஜனின் வரலாற்றைப் பார்ப்போம்.

இராமானுஜன் 1907-இல் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. மதிப்பெண் பட்டியல் அவருக்கு உதவாது. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்திருந்த கடிதம் துணை நின்றது. எண்களைக் கையாள்வதில் அவருக்குள்ள அரிய திறனையும், கணக்கிடும் விரைவையும் அது எடுத்துரைத்தது. கணக்குப் பிரிவுக்கு வேண்டிய செய்தி அதுதானே! மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் வேலை கிடைத்தது.

1913 பிப்ரவரியில் வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவர் முன்னர் கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்தவர். இராமானுஜனின் கணக்குகளை நேரில் பார்த்தபின் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அக்கணிதப் பிரிவு தமது தனித்துறை அன்று என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும், பிழைப்புக் கவலையின்றிச் சில ஆண்டுகள் இவர் கணிதத்திலேயே ஈடுபட வழி செய்யலாம் என்றார். பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கியது.

வாக்கரின் பதவியும் உதவியிருக்கும். ஆனால் இருவருமே, மதிப்பெண் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்.

திருநகர் மாணவி ஒருத்தி இயற்பியல் படிக்க விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆசிரியர் அவளுக்கு 98 மதிப்பெண் தந்தவர். மற்றொருவர், தனி ஊசல் சோதனையில் அவளுக்கு விடை பிழையாக வந்த நாளில் உடனிருந்தவர். நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காததே காரணம் என்று அவளே கண்டுபிடித்து, மீண்டும் செய்ததைப் பார்த்தவர். 98 என்பது பட்டியலிலேயே இருக்கிறது. இரண்டாமவர் எழுதக்கூடியது வேறெங்கும் இல்லை. அவரையே கேட்க வேண்டும்.

கேட்கும்போது, "என் வேலையைப் பற்றி எழுதும் அளவுக்கு என்னை அறிவீர்களா, ஐயா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் வருந்தாமல் வேறொருவரை நாடுங்கள். கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பாவது கேளுங்கள். உங்கள் சோதனைக் குறிப்பேட்டையும் உடன் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஆசிரியர் பார்க்கும்படியாக ஏதேனும் செய்திருக்க வேண்டும் அல்லவா? அதற்குரிய காலம் விண்ணப்பக் காலம் அன்று, இப்போதுதான். வகுப்பில் வினா எழுப்புங்கள். சோதனை பிழைத்தால் காரணம் தேடி, அதை ஆசிரியரிடம் காட்டுங்கள்.