ஏட்டறிவு மட்டும் போதாத எட்டு மணி நேரத் தேர்வு

புது தில்லி: விடைத்தாள் கிடையாது. "ஏதேனும் ஐந்தனுக்கு விடை தருக' என்ற சலுகையும் கிடையாது. மேஜை மீது கணினித் திரை, வெற்றுத்தாள், பென்சில். திரைக்கு அப்பால், அரைகுறையாக அமைக்கப்பட்ட ஒரு கணினி வலைப்பின்னல். மாலைக்குள் அதை முழுமையாக இயங்கச் செய்ய வேண்டும். இயங்கினால் தேர்ச்சி; இல்லையேல் செலுத்திய கட்டணம் போனது போனதுதான்.

பெங்களூருவில் உள்ள சிஸ்கோ நிறுவன ஆய்வகத்தில் நடைபெறும் "சி.சி.ஐ.இ.' செய்முறைத் தேர்வின் காட்சி இது. கணினி வலைப்பின்னல் துறையில் உலகின் மிகக் கடினமான தேர்வுகளில் ஒன்றாகக் கருதப்படும் இதை எழுத, தில்லி, நொய்டா, ஹைதராபாத், புணே, சென்னை எனப் பல நகரங்களிலிருந்தும் இளம் பொறியாளர்கள் அங்கு செல்கின்றனர். எழுதுவது என்பதைவிடச் செய்து காட்டுவது என்பதே பொருந்தும்.

ஒரு தனியார் நிறுவனம் தன் கருவிகளைக் கையாள்வோருக்காக நடத்தும் தேர்வில் பொதுமக்கள் அக்கறை கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மருத்துவமனை, வங்கி, ரயில்வே, கிராம ஊராட்சி என அனைத்தும் வலைப்பின்னலை நம்பி நிற்கும் காலத்தில், அதைக் கட்டிக் காக்கும் கைகளின் திறனை யார் சோதிக்கிறார்கள் என்பது நாடு கேட்க வேண்டிய கேள்வி.

ஆய்வகத்துக்கே முதல் எண்

1993-ஆம் ஆண்டு இத்தேர்வு தொடங்கப்பட்டது. தேர்ச்சி பெறும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்படும். முதல் எண்ணான 1024 எந்த மனிதருக்கும் தரப்படவில்லை. தேர்வு நடைபெற்ற ஆய்வகத்துக்கே தரப்பட்டது. அந்த எண்ணைத் தங்கள் பெயருக்குப் பின்னால் பட்டம்போலப் போட்டுக் கொள்வது இத்துறையினரின் வழக்கம்.

தொடக்கத்தில் இது இரண்டு நாள் தேர்வாக இருந்தது. முதல் நாள் வலைப்பின்னலை அமைக்க வேண்டும். போதிய மதிப்பெண் பெற்றவர்கள் மட்டுமே மறுநாள் அனுமதிக்கப்படுவர். அவர்கள் அமைத்த வலைப்பின்னலில் கண்காணிப்பாளரே பிழைகளைப் புகுத்தியிருப்பார். அவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது இரண்டாம் நாளின் பணிகளுள் ஒன்று. 2001 அக்டோபரில் இது எட்டு மணி நேரம் கொண்ட ஒரு நாள் தேர்வாகச் சுருக்கப்பட்டது.

2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, எட்டு மணி நேரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்புக்கு உரியது. இப்பகுதியில் கருவிகளைத் தொட முடியாது. ஒரு நிறுவனத்தின் தேவைகள், கடிதப் போக்குவரத்து, வரைபடங்கள் ஆகியவை தரப்படும். அவற்றைப் படித்து முடிவுகளை எடுக்க வேண்டும். அடுத்த ஐந்து மணி நேரம் கட்டமைப்பது, இயக்குவது, பழுது நீக்குவது ஆகியவற்றுக்கு உரியது. ஒரு பகுதியை முடித்து அடுத்த பகுதிக்குச் சென்றவர், முந்தையதற்குத் திரும்ப முடியாது.

மனப்பாடம் கைகொடுக்காது

இத்தேர்வின் கடுமை எத்தகையது என்பதற்கு, வலைப்பின்னல் பொறியாளர்கள் நன்கறிந்த ஒரு பழுதை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

இரண்டு ரூட்டர்களுக்கு இடையே கம்பி சரியாக உள்ளது. இரண்டும் ஒன்றையொன்று அறிந்து, "ஹலோ' செய்திகளைப் பரிமாறிக் கொள்கின்றன. சோதனைச் செய்தி அனுப்பினால் பதிலும் வருகிறது. ஆனால், வழித்தட விவரங்களைப் பரிமாறிக் கொள்ள உதவும் "ஓ.எஸ்.பி.எஃப்.' என்ற நெறிமுறை மட்டும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. காரணம் மிகச் சிறியது: ஒரு முனையில் தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு 1,500 பைட்டுகள் என்றும், மறுமுனையில் 1,400 பைட்டுகள் என்றும் பதியப்பட்டிருக்கும்.

நெறிமுறையின் இலக்கணத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவரும் இந்த இடத்தில் திகைத்து நிற்கக்கூடும். இரவு இரண்டு மணிக்கு இத்தகைய பழுதைத் தேடிக் கண்டவருக்கோ சில நிமிட வேலை. நிறுவனத்தின் தொழில்நுட்பக் கையேடுகளைத் தேர்வின்போது பார்க்க அனுமதி உண்டு. ஆயினும், எதைத் தேடுவது என்று தெரியாதவருக்குக் கையேட்டால் பயனில்லை.

ஒரு பணியில் கேட்கப்பட்ட அனைத்தும் நிறைவேறினால்தான் மதிப்பெண். பெரும்பகுதி சரி என்பதற்காகப் பாதி மதிப்பெண் தரும் வழக்கம் இல்லை. காலையில் செய்த சிறு பிழை, மாலையில் செய்ய வேண்டிய பணிகளைக் குலைத்துவிடக்கூடும் என்பதால், நேரத்தைப் பகிர்ந்து கொள்வதும் தேர்வின் ஒரு பகுதியாகி விடுகிறது.

கனமான கட்டணம்

2020-இல் தேர்வுமுறை மாற்றியமைக்கப்பட்டபோது செய்முறைத் தேர்வுக்கான கட்டணம் 1,600 டாலர். இந்திய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்க்கும் அதிகம். அதற்கு முன் எழுத வேண்டிய தகுதித் தேர்வுக்குத் தனிக் கட்டணம். பயிற்சி, பயணம், தங்குமிடச் செலவுகள் வேறு. தோற்றவர் மீண்டும் எழுத வேண்டுமானால் முழுக் கட்டணத்தையும் மீண்டும் செலுத்த வேண்டும். அமெரிக்கப் பொறியாளருக்கு ஒரு வார ஊதியமாக இருக்கும் தொகை, இங்கே புதிதாகப் பணியில் சேர்ந்த பொறியாளருக்குப் பல மாத ஊதியம். அதனால் ஒரே முயற்சியில் தேற வேண்டும் என்ற நெருக்கடி இந்திய இளைஞர்களுக்குக் கூடுதலாகவே உள்ளது.

அந்த நெருக்கடியில்தான் குறுக்கு வழிக்குச் சந்தை பிறக்கிறது. தேர்வில் வரும் பணிகளை விடையோடு திரட்டித் தருவதாகக் கூறிப் பணம் பறிக்கும் வணிகம் பல ஆண்டுகளாகவே நடைபெறுகிறது. இதைத் தடுக்க 2009-இல், தேர்வின் தொடக்கத்திலேயே அடிப்படை அறிவைச் சோதிக்கும் திறந்தநிலை வினாக்களை அந்நிறுவனம் சேர்த்தது. அதே ஆண்டு அக்டோபரில், பழுது நீக்குவதற்கென்றே இரண்டு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. கசிந்த விடைகளை ஒப்பித்துத் தேறியவர், உண்மையான பழுது வரும் நாளில் எதுவும் செய்ய இயலாமல் நிற்பார் என்பதே இதில் உள்ள ஆபத்து.

2024-இல் நடைமுறைக்கு வந்த பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம், மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம், ரயில்வே தேர்வு வாரியங்கள், தேசிய தேர்வு முகமை போன்ற பொது அமைப்புகள் நடத்தும் தேர்வுகளுக்கு உரியது. தனியார் நிறுவனங்களின் சான்றிதழ் தேர்வுகள் அதன் வரம்பில் இல்லை.

எய்ம்ஸ் தந்த பாடம்

வலைப்பின்னலை வடிவமைப்பதில் நேரும் குறைக்கு நாடு என்ன விலை கொடுக்கும் என்பதைத் தலைநகரமே கண்டது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினி சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. நோயாளிகள் பதிவு, அனுமதி, பரிசோதனை முடிவுகள் எனப் பல பணிகள் பல நாள்களுக்குக் காகிதத்திலும் பேனாவிலும் நடந்தன. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வந்து விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கும் ஏழை நோயாளிகளே பெரிதும் அவதிப்பட்டனர்.

வலைப்பின்னல் முறையாகப் பிரிக்கப்படாமல் இருந்ததே சர்வர்கள் ஊடுருவப்படக் காரணம் என்று மத்திய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குப் பரவாமல் இருக்கக் கதவு வைப்பது போன்றதே இந்தப் பிரிப்பு. பெங்களூரு ஆய்வகத்தில் தேர்வர்கள் செய்து காட்ட வேண்டிய அடிப்படை வேலைகளில் அதுவும் ஒன்று.

தேவை இனிக் கூடவே செய்யும். கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் "பாரத்நெட்' திட்டத்தின் திருத்திய வடிவத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ரூ. 1,39,579 கோடி. கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் தகவல் மாற்று வழியில் செல்லும் வகையில் வளைய அமைப்பில் அது உருவாக்கப்படுகிறது. குழி தோண்டிக் கம்பி புதைத்தால் மட்டும் அந்த மாற்று வழி பிறந்துவிடாது. அதைத் திட்டமிட்டுப் பதிந்து, சோதித்துப் பராமரிக்கப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும்.

நமக்கென ஓர் அளவுகோல்

சி.சி.ஐ.இ. குறையற்ற அளவுகோல் என்று கூறிவிட முடியாது. கருவிகளை விற்பவரே தேர்வையும் நடத்துகிறார். 2000-களில் அந்நிறுவனத்தின் "கோல்டு' தகுதி பெற விரும்பிய விற்பனைப் பங்குதாரர்கள், சி.சி.ஐ.இ. தேறிய நால்வரையாவது பணியில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. தேர்வு, வணிகத்தோடு பின்னிப் பிணைந்தது என்பதற்கு இதுவே சான்று. தேர்ச்சி பெற்றவரும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் தகுதியைப் புதுப்பித்தாக வேண்டும்.

எனினும், இத்தேர்வு பிடித்துக் கொண்டிருக்கும் கொள்கை நமக்குப் புதிதல்ல. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு மாணவர் இரும்புத் துண்டை அளவாக அராவிப் பொருத்திக் காட்டினால்தான் தேர்ச்சி. பொருந்தியதா, இல்லையா என்பதை அளவுகருவி சொல்லிவிடும். ஆனால், பட்டப் படிப்பு என்று வந்ததும் கையால் செய்வதைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஒட்டிக் கொண்டுவிட்டது. பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் செய்முறைத் தேர்வு என்பது, பதிவேட்டைக் காட்டி, சீட்டில் வந்த ஒரு சோதனையைச் செய்து, இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் குறையைத்தான் இளைஞர்கள் தங்கள் சொந்தப் பணத்தால், டாலரில், ஈடுகட்டுகின்றனர்.

ஓ.எஸ்.பி.எஃப். போன்ற நெறிமுறைகள் எந்த நிறுவனத்தின் தனிச்சொத்தும் அல்ல. உலகம் முழுமைக்கும் வெளியிடப்பட்ட பொதுத் தரங்கள். மெய்நிகர் கருவிகளைக் கொண்டு ஒரே கணினியில் ஒரு முழு வலைப்பின்னலை உருவாக்க முடியும் என்பதால், முன்புபோல விலையுயர்ந்த கருவிகள் அறை நிறைய வேண்டியதில்லை. மத்திய மின்னணு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் "நீலிட்' நிறுவனம் கணினிக் கல்விக்கான தேர்வுகளை நடத்திப் பழகியது. எந்த நிறுவனத்தையும் சாராத, செய்து காட்டும் வகையிலான தேசியத் தேர்வு ஒன்றை, எளிய கட்டணத்தில், மாநிலந்தோறும் நடத்த அரசு முன்வருமானால், அதற்கான அடித்தளம் இங்கே உண்டு.

அடுத்து ஒரு மருத்துவமனையின் கணினிகள் முடங்குமானால், அங்கே பணியில் இருக்கும் பொறியாளரிடம் நோயாளியின் உறவினர் பட்டம் பற்றிக் கேட்கப் போவதில்லை. எப்போது சரியாகும் என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்லக் கூடியவர்களை உருவாக்கும் பொறுப்பை, ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் ஆய்வகத்திடம் முழுவதுமாக விட்டுவிடலாகாது.