வெளியில் மின்சாரம் வாங்கினால் ஆலைக்கு லாபமா? அரவை ஆலை, குளிர்பதனக் கிடங்கு நடத்துபவர்கள் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் விவசாய பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். நெல் வயலைவிட்டு வெளியே வந்து அரவை ஆலைக்குள் நுழைந்ததும் அதே மின்சாரம் பெரிய செலவாகிவிடுகிறது. சேகோ ஆலை, தென்னை நார்த் தொழிற்சாலை, எண்ணெய்ச் செக்கு, பால் குளிரூட்டும் நிலையம், ஐஸ் ஃபேக்டரி என்று எதை எடுத்தாலும் மூலப்பொருள், கூலிக்கு அடுத்தபடியாகப் பணம் போவது கரன்ட் பில்லுக்குத்தான். இந்த நேரத்தில், 'ஈ.பி.யைவிட யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் குறைவாகத் தருகிறோம்' என்று தனியார் சூரிய மின் நிறுவனங்களின் முகவர்கள் ஆலைகளைத் தேடி வருகிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களையும் அவர்கள் விடுவதில்லை.

இதில் உண்மையான லாபம் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. அவர்கள் சொல்லும் விலை உங்கள் ஆலையின் மீட்டருக்கு வந்து சேரும் விலையும் அல்ல.

சட்டம் என்ன அனுமதிக்கிறது?

2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம், பெரிய நுகர்வோர் தங்களுக்கு மின்சாரம் விற்பவரைத் தாங்களே தேர்ந்தெடுக்க வழி திறந்தது. இதைத்தான் 'ஓப்பன் ஆக்சஸ்' என்கிறார்கள். ஆனால் 1 மெகாவாட்டுக்கு மேல் தேவை உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தக் கதவு திறந்திருந்தது. நூற்பாலைகளும் சிமென்ட் ஆலைகளும் பயன்படுத்திக்கொண்டன. நம் அரிசி ஆலைகள் பெரும்பாலும் வெளியே நின்றன.

2022 ஜூன் மாதம் மத்திய அரசு வெளியிட்ட பசுமை ஆற்றல் ஓப்பன் ஆக்சஸ் விதிகள், காற்றாலை, சூரிய சக்தி போன்ற மின்சாரத்துக்கு இந்த வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. 2023-ல் வந்த திருத்தம் விவசாயம் சார்ந்த தொழில்களுக்கு இன்னும் முக்கியமானது. ஒரே மின் கோட்டத்துக்குள் உள்ள பல இணைப்புகளைச் சேர்த்து 100 கிலோவாட் வந்தாலும் போதும் என்றது அது. ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரில் சிப்பம் கட்டும் கூடம், எண்ணெய்ச் செக்கு, குளிர் அறை என்று மூன்று இணைப்புகள் இருந்தால், தனித்தனியாக அவை சிறியவை. சேர்த்தால் தகுதி பெறலாம். விண்ணப்பத்துக்கு 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும் என்றும் விதியில் இருக்கிறது.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். விற்பவர் மாறினாலும் கம்பி மாறாது. அதே டிரான்ஸ்ஃபார்மர், அதே லைன்மேன், அதே தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்தான். எனவே வெளியில் வாங்குவதால் மின்வெட்டு குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இறங்கு விலைதான் கணக்கு

சந்தைக்குப் போகும் காய்க்கு வண்டி வாடகை, கமிஷன், சேதாரம் எல்லாம் கழித்துத்தானே கையில் நிற்பதைப் பார்க்கிறோம்? மின்சாரத்திலும் அப்படித்தான். உற்பத்தி செய்பவர் சொல்லும் விலையோடு மின்தொடர்க் கட்டணம், வீலிங் கட்டணம், வழியில் ஏற்படும் மின் இழப்பு, நிர்வாகக் கட்டணங்கள் ஆகியவை சேரும். இவற்றுக்கு மேல் வருவது குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம். வீட்டுக்கும் வயலுக்கும் மலிவாகக் கொடுப்பதால் ஏற்படும் பற்றாக்குறையை ஆலைகளின் கட்டணம்தான் ஈடுகட்டுகிறது. ஆலை வெளியே போனால் அந்த இழப்புக்குப் பதிலாக இந்தத் தொகையை வசூலிக்கிறார்கள். அதாவது, நம் பம்ப்செட்டுக்குக் கிடைக்கும் சலுகையின் ஒரு பங்கை நம் ஊர் ஆலையே சுமக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. உண்மையான கட்டணங்களை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் நடப்பு ஆணையில் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஈ.பி. விலை யூனிட்டுக்கு 7.50 ரூபாய், தனியார் சொல்லும் விலை 4.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வழியில் 10 சதவிகிதம் இழப்பு என்றால், உங்களுக்கு வந்து சேரும் ஒரு யூனிட்டின் விலை 5 ரூபாய் ஆகிவிடும். மின்தொடர், வீலிங் மற்றும் இதர கட்டணங்கள் 1 ரூபாய் என்றால் மொத்தம் 6 ரூபாய். குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் 1.80 ரூபாய் சேர்ந்தால் 7.80 ரூபாய். 3 ரூபாய் லாபம் போலத் தெரிந்தது, 30 பைசா நஷ்டத்தில் முடிகிறது.

அப்படியானால் யாருக்குத்தான் லாபம்? இந்தக் கூடுதல் கட்டணத்திலிருந்து சட்டப்படி விலக்கு பெறுபவர்களுக்கு. அதற்கான வழிதான் 'குரூப் கேப்டிவ்'. மின் நிலையத்தில் நீங்களும் ஒரு பங்குதாரர் ஆகிவிடுகிறீர்கள். பயன்படுத்துவோர் அனைவரும் சேர்ந்து குறைந்தது 26 சதவிகிதப் பங்கு வைத்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் குறைந்தது 51 சதவிகிதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். இந்த இரண்டும் நிறைவேறினால் அது சொந்த உபயோகம். மேலே போட்ட கணக்கில் 6 ரூபாயோடு நின்றுவிடும். யூனிட்டுக்கு 1.50 ரூபாய் மிச்சம். மாதம் 40,000 யூனிட் இப்படி வாங்கினால் 60,000 ரூபாய்.

இதிலும் ஒரு கழித்தல் உண்டு. பங்குக்குப் போட்ட பணத்துக்கு வட்டி யார் கொடுப்பது? 12 லட்சம் போட்டிருந்தால், 12 சதவிகித வட்டியில் மாதம் 12,000 ரூபாய். ஆக, கையில் நிற்பது 48,000. பரவாயில்லை, நல்ல தொகைதான். ஆனால் முகவரின் தாளில் இந்தக் கடைசி வரி பெரும்பாலும் இருக்காது.

இன்னொன்று, டிமாண்ட் கட்டணம். ஹெச்.டி. இணைப்புக்கு கே.வி.ஏ. கணக்கில் மாதாமாதம் கட்டும் இந்தத் தொகை வெளியில் வாங்கினாலும் தொடரும். பணத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து ஒப்பந்த டிமாண்டை வெட்டிவிடவும் கூடாது. மேகமூட்ட நாளில் கைகொடுப்பது அதுதான்.

உங்கள் சீசனும் அவர்கள் சீசனும்

என்னைக் கேட்டால், விலையைவிட இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். தமிழ்நாட்டில் காற்றாலைகள் மும்முரமாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரை. சம்பா அறுவடை முடிந்து அரிசி ஆலைகள் இரவு பகலாக ஓடுவது தையிலிருந்து பங்குனி வரை. இரண்டும் சந்திப்பதே இல்லை. அரிசி ஆலைக்குக் காற்றாலை மின்சாரத்தை மட்டும் விற்க வருபவர் உங்கள் தொழிலை யோசிக்கவில்லை என்று பொருள். அதே பிப்ரவரி, மார்ச்சில் வெயில் நன்றாக அடிக்கும். சூரிய மின்சாரம் பகல் ஷிஃப்டுக்குச் சரியாகப் பொருந்தும்.

சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ ஆலைகளுக்கும் இதே நிலைதான். மரவள்ளிக் கிழங்கு வரும் மாதங்களில்தான் ஓட்டம். கிழக்குக் கடற்கரையில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை மறக்கக் கூடாது. வெயில் உச்சத்தில் இருக்கும் அந்த நாட்களில் சூரிய மின்சாரம் வந்து குவியும், ஐஸுக்குத் தேவை இருக்காது.

மிச்சமாகும் மின்சாரத்தைக் கணக்கில் சேர்த்து வைத்து எடுத்துக்கொள்ள 'பேங்கிங்' வசதி இருக்கிறது. ஆனால் மத்திய விதிகள் உறுதி செய்வது மாதக் கணக்கிலான பேங்கிங்கைத்தான். தடைக்காலத்தில் சேர்ந்ததை ஆகஸ்ட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் கையெழுத்துப் போட்டால் நஷ்டம்தான். புளி, மிளகாய், காய்கறி சேமிக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆண்டு முழுவதும் கம்ப்ரஸர் ஓடுகிறது. கோடையில் இன்னும் அதிகமாக ஓடுகிறது. சூரிய மின்சாரத்தோடு கொஞ்சம் காற்றாலையும் கலந்து வாங்கினால் இரவுத் தேவைக்கும் ஆகும்.

51 சதவிகித விதியும் சீசனோடு சேர்ந்ததுதான். பங்குதாரர்கள் அவரவர் பங்குக்கு ஏற்ற விகிதத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்தியாக வேண்டும் என்ற நிபந்தனையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. வறட்சியால் நெல் வரத்து குறைந்து ஆலை பாதி நாள் மூடியிருந்தால் என்ன ஆகும்? தகுதி தவறினால் விலக்கு போய்விடும். அந்த ஆண்டுக்கான கூடுதல் கட்டணம் மொத்தமாகப் பின்னால் வரும். விவசாயத்தை நம்பிய தொழிலில் மழை பொய்க்கும் ஆண்டையும் கணக்கில் வைத்துத்தான் பங்கின் அளவை முடிவு செய்ய வேண்டும். முழுத் தேவைக்கும் வாங்காமல், மந்தமான மாதத்திலும் நிச்சயம் ஓடும் அளவுக்கு மட்டும் வாங்குவது பாதுகாப்பு.

நிலையான விலையா, சந்தை விலையா?

ஆலைக்காரருக்கு இதில் கிடைக்கும் பெரிய நன்மை விலை குறைவதுகூட அல்ல, விலை தெரிந்திருப்பது. வரும் ஐந்து ஆண்டுகளுக்கு யூனிட் விலை இவ்வளவு என்று தெரிந்தால் அரவைக் கூலியை நிதானமாக நிர்ணயிக்கலாம், வங்கிக் கடனுக்கும் கணக்குக் காட்டலாம். நார்க்கழிவுக் கட்டி ஏற்றுமதி செய்பவர்களுக்கு, பசுமை மின்சாரத்தில் உற்பத்தியானது என்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் காட்ட ஒப்பந்தமே ஆதாரமாகவும் இருக்கும்.

சந்தை விலையோடு கட்டிப்போட்ட ஒப்பந்தம் வேறு ரகம். இந்திய மின்சாரச் சந்தையில் ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 பகுதிகளாகப் பிரித்து விலை வைக்கிறார்கள். நண்பகலில் மலிவாக இருப்பது, மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுவதும் உண்டு.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 2002 முதலே பெரும்பகுதி மக்கள் சில்லறை மின் விற்பனையாளரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பருத்திக்குப் பெயர்பெற்ற லபக் நகரத்துக்கு 2024-ல்தான் அந்த உரிமை வந்தது. 2021 பிப்ரவரியில் அங்கே கடும் பனி வீசியபோது மின் நிலையங்கள் முடங்கின. சில சென்ட்டுகளில் விற்கும் யூனிட், மொத்தச் சந்தையில் நாள் கணக்கில் 9 டாலரில் நின்றது. மொத்த விலையை அப்படியே ஏற்கும் திட்டத்தில் இருந்த குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. நிலையான விலையில் ஒப்பந்தம் போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு யூனிட் விலை மாறவில்லை. அதன் பிறகு உச்சவரம்பை 5 டாலராகக் குறைத்தார்கள்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரிகள்

நீங்கள் எடுக்காத மின்சாரத்துக்கும் பணம் கட்ட வேண்டும் என்ற குறைந்தபட்சக் கொள்முதல் வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சீசன் தொழிலுக்கு ஆபத்தானது இதுதான். அரசு நாளை ஒரு கட்டணத்தை உயர்த்தினால் யார் தலையில் விழும் என்பது அடுத்தது. சட்ட மாற்றத்தால் வரும் சுமை முழுவதும் வாங்குபவருக்கே என்று எழுதியிருந்தால், 'நிலையான விலை' என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. சொன்ன அளவு உற்பத்தி வராவிட்டால் நஷ்டஈடு உண்டா, இடையில் விலகினால் பங்குப் பணம் எப்போது திரும்பும், கேப்டிவ் தகுதி அவர்கள் பக்கத் தவறால் போனால் யார் பொறுப்பு ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். வாய்மொழி உறுதி போதாது.

100 கிலோவாட்டுக்குக் கீழே ஒரே இணைப்பு வைத்திருக்கும் சின்ன ஆலைகளும் செக்குகளும் முதலில் கூரை மீது சோலார் போடுவதைப் பற்றி யோசிக்கலாம். அங்கேயே உற்பத்தியாகி அங்கேயே தீரும் யூனிட்டுக்கு வழி இழப்பு கிடையாது.

ஆலோசகரையோ மின் நிறுவனத்தையோ பார்க்கப் போகும்போது, கடந்த 12 மாத மின் கட்டண ரசீதுகளையும், மாதவாரியாக ஆலை ஓடிய நாட்கள், ஷிஃப்ட் நேரங்கள் எழுதிய ஒரு தாளையும் எடுத்துச் செல்லுங்கள். ஹெச்.டி. ரசீதில் காலை, மாலை உச்ச நேரப் பயன்பாடு தனியாக இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பகல் நேர சூரிய மின்சாரம் மாலை உச்ச நேர யூனிட்டுகளைக் குறைக்காது. இரண்டு மூன்று நிறுவனங்களிடம் இந்தத் தாளையே கொடுத்து, உங்கள் மீட்டரில் இறங்கும் விலையை மாதவாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.