பேசுவோரும் பேசாதோரும்

குடியாட்சி நாடுகளிலே 'பொதுசன அபிப்பிராயம்' என்னும் சொற்றொடர் நாள்தோறும் வழங்கப்படுகின்றது. பொதுசன அபிப்பிராயம் இதனை விரும்புகின்றது, அதனை வெறுக்கின்றது எனப் பத்திரிகைகள் எழுதுகின்றன, மந்திரிமாரும் பேசுகின்றனர். அந்த அபிப்பிராயம் யாருடைய வாயிலிருந்து பிறந்தது என்று கேட்போர் சிலரே. இக்கேள்வியை மிக விரிவாக ஆராய்ந்த நாடுகளுள் அமெரிக்க ஐக்கிய நாடு முன்னிற்பதாகும். மக்கள் கருத்தை எண்ணிக் கணக்கிடுவதை ஒரு தொழிலாகவே வளர்த்தவர் அந்நாட்டவர். அத்தொழிலிற் பெரிதும் ஏமாந்தவரும் அவர்களே.

1936 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலின்போது 'லிற்றரரி டைஜெஸ்ற்' என்னும் வார இதழ் ஏறக்குறைய 1 கோடி மாதிரி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. 23 இலட்சத்துக்கு மேற்பட்டவை திரும்பி வந்தன. 1920 முதல் 1932 வரை நடந்த நான்கு தேர்தல்களிலும் வெற்றியாளரைச் சரியாகச் சொன்ன இதழ் அது. ஆதலால் அதன் சொல்லுக்குப் பெருமதிப்பு இருந்தது. கன்சாஸ் மாநில ஆளுநர் லாண்டன் நூற்றுக்கு 57 வாக்குகள் பெற்று வெல்வார் என்று அது கூறியது. தேர்தல் முடிந்தபோது றூஸ்வெல்ற் 48 மாநிலங்களுள் 46 ஐக் கைப்பற்றியிருந்தார். மேய்ன், வேர்மொன்ற் என்னும் இரண்டு மாத்திரமே லாண்டனுக்குக் கிடைத்தன. 1938 இல் அவ்விதழே நின்றுபோயிற்று. அதே தேர்தலில், ஜோர்ஜ் கலப் என்பவர் மிகச் சிறிய தொகையினரைத் தேர்ந்து வினாவி, றூஸ்வெல்ற்றே வெல்வார் எனச் சரியாகச் சொல்லிவிட்டார்.

இத்தவறு எவ்வாறு நேர்ந்தது? தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேடுகளிலிருந்தும் பெயர்கள் எடுக்கப்பட்டன. பொருளாதார மந்தம் வாட்டிய அக்காலத்திலே தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோர் வசதி படைத்தோர். இதுவே பாடநூல்கள் கூறும் காரணம். இது மெய்யே, எனினும் முழு மெய்யன்று. பிற்கால ஆராய்ச்சியாளர் வேறொன்றையும் கண்டனர். சீட்டுப் பெற்றவர்களுள் நாலில் ஒரு பங்கினர்கூட அதனைத் திருப்பி அனுப்பவில்லை. றூஸ்வெல்ற்றின் மீது சினங்கொண்டவர்கள் ஆர்வத்தோடு அனுப்பினர். அவரிடத்துத் திருப்தியுற்றோர் பலர் சீட்டை மேசையிற் போட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்த்தனர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் அச்சோற்றை எடுப்பவர் அகப்பையால் நன்கு கிளறியிருத்தல் வேண்டும். மேலே கொதித்துத் தள்ளும் பருக்கை தானாகக் கைக்கு வருவது. அடியிற் கிடப்பது வெந்ததா என்பதை அது சொல்லாது.

இணையம் வந்தபோது இக்குறை நீங்கும் எனப் பலர் நம்பினர். 2000 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வயதுவந்தோருட் பாதிப் பேரே அதனைப் பயன்படுத்தினர். இன்று பத்துப் பேரில் ஒன்பதின்மருக்கு மேல் பயன்படுத்துகின்றனர். அச்சகம் வேண்டா, பத்திராதிபரின் தயவு வேண்டா. எவரும் தம் கருத்தை உலகறியச் சொல்லலாம். கதவு திறந்தது உண்மையே. உள்ளே சென்று பேசியவர் யார் என்பதுதான் கேள்வி.

பியூ ஆய்வு நிலையம் 2019 இல் வெளியிட்ட கணக்கு இதற்கு விடை தருகின்றது. அக்காலத்தில் அமெரிக்க வயதுவந்தோருள் நூற்றுக்கு 22 பேரே ருவிற்றரைப் பயன்படுத்தினர். அவர்களுள்ளும் பத்தில் ஒரு பங்கினர் எழுதியவையே அங்கு வெளிவந்த பதிவுகளில் நூற்றுக்கு 80 ஆகும். நடுத்தரமான ஒருவர் மாதமொன்றுக்கு இரண்டு பதிவுகள் இட்டார். மிகுதியாக எழுதும் கூட்டத்தின் நடுத்தரமானவரோ 138 இட்டார். பயன்படுத்துவோர் ஏனைய மக்களைவிட இளையோராகவும், கல்வியும் வருமானமும் மிக்கோராகவும், ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தோராகவும் இருந்தனர். 2022 இல் அந்நிறுவனம் கைமாறி, 2023 இல் 'எக்ஸ்' எனப் பெயரும் மாறிய பின்னர் அக்கூட்டத்தின் அரசியல் நிறமும் மாறியது. ஒரு பக்கச் சாய்வு போய் மற்றொரு பக்கச் சாய்வு வருவதனால், அது நாட்டு மக்களின் சரியான மாதிரி ஆகிவிடாது.

ஏனையோர் வாய் திறவாமைக்குக் காரணம் என்ன? சமூக வலைத்தளங்களைப் பயன்படுத்தும் அமெரிக்கருள் நூற்றுக்கு 70 பேர் அரசியல், சமுதாய விடயங்கள் பற்றி அரிதாகவே எழுதுகின்றனர். அல்லது எழுதுவதே இல்லை என்று 2021 இல் வெளியான ஆய்வொன்று கூறியது. எழுதியதைப் பிறர் தமக்கெதிராகப் பயன்படுத்துவர் என்ற அச்சமும், வசைமொழிக்கு ஆளாக நேரிடும் என்ற எண்ணமும், சொல்வதற்கு ஏதுமில்லை என்ற மனநிலையும் காரணங்களாகக் கூறப்பட்டன. இம்மௌனத்தை அறியாமை என்றோ அக்கறையின்மை என்றோ கொள்வது தவறு. 2020 தேர்தலில் வாக்களிக்கத் தகுதியுடையோருள் மூன்றில் இரு பங்கினர் வாக்களித்தனர். இணையத்திற் பேசாதவர் பலர் வாக்குச் சாவடிக்குச் சென்றனர் என்பது வெளிப்படை.

செய்தி பரவும் முறையும் கவனிக்கத்தக்கது. 1940 இல் ஒஹாயோ மாநிலத்து ஈரி என்னும் பகுதியிலே போல் லாசர்ஸ்பெல்டும் துணைவர்களும் வாக்காளரை ஆராய்ந்தனர். வானொலியும் பத்திரிகையும் கூறுவதை முதலில் ஊரிலுள்ள சிலர் கேட்டறிந்து, பின்னர் அவர் வாயிலாகவே மற்றையோர் அறிவதை அவர்கள் கண்டனர். இன்று அவ்விடத்தைப் பெருந்தொகையான நேயரைக் கொண்டு இணையத்திற் செய்தி பேசும் தனிமனிதர் பிடித்துள்ளனர். 30 வயதுக்குட்பட்ட அமெரிக்கருள் நூற்றுக்கு 37 பேர் அத்தகையோரிடமிருந்து வழக்கமாகச் செய்தி பெறுவதாக 2024 இல் அறியப்பட்டது. ஈரிப் பகுதியின் வழிகாட்டி ஊரவருக்குத் தெரிந்தவர். அவர் பிழையாகச் சொன்னால் கடைவீதியில் நிறுத்திக் கேட்கலாம். இன்றைய வழிகாட்டி அவ்வாறு கைக்கெட்டுபவர் அல்லர்.

பேசுவோரையே மக்கள் எனக் கொள்வதால் விளையும் தீங்கு கற்பனையன்று. 2012 இலும் 2014 இலும் மாநிலச் சட்டசபைகளுக்குப் போட்டியிட்டோரிடம் புறூக்மன், ஸ்கொவ்றன் என்னும் அறிஞர் இருவர், தத்தம் தொகுதி மக்கள் என்ன நினைக்கின்றனர் என வினாவினர். இரு கட்சியினரும் மக்களை உள்ளதைவிடப் பழமைப்பற்று மிக்கோராக மதித்திருந்தனர். குடியரசுக் கட்சியினரிடம் இப்பிழை மிகப் பெரிதாக இருந்தது. அக்கட்சி ஆதரவாளரே பிரதிநிதிகளோடு அதிகமாகத் தொடர்பு கொள்வதை அறிஞர்கள் ஒரு காரணமாகச் சுட்டினர். கதவைத் தட்டியவரின் குரலைத் தொகுதியின் குரல் எனப் பிரதிநிதிகள் கொண்டுவிட்டனர் போலும். வாக்களிக்கப்படும் சட்டங்கள் தட்டாதவரையும் கட்டுப்படுத்துவன அல்லவா?

கருத்துக் கணிப்பாளரும் இவ்வலையிற் சிக்கியதுண்டு. விரும்பியோர் தாமே வந்து சேரும் இணையக் கணிப்புகள் செலவு குறைந்தவை. 2022 இல் பியூ நிலையத்தார் அத்தகைய கணிப்பொன்றில் ஒரு விநோதமான கேள்வியைச் சேர்த்தனர்: அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலைச் செலுத்த உங்களுக்கு அனுமதிப்பத்திரம் உண்டா? 30 வயதுக்குட்பட்டோருள் நூற்றுக்கு 12 பேர் உண்டு என்று விடையளித்தனர்! உண்மையில் அத்தகையோரின் விகிதம் பூச்சியத்தை ஒட்டியதே. சிறு ஊதியத்துக்காகக் கேள்விகளை வாசியாமலே குறியிடுவோர் இவ்வாறு பொதுசன அபிப்பிராயம் ஆகின்றனர்.

தொலைபேசிக் கணிப்பிலும் இடர் உண்டு. 1997 இல் நூற்றுக்கு 36 பேர் விடையளித்த இடத்தில், 2018 இல் 6 பேரே விடையளித்தனர். ஆகவே அந்நிலையத்தார் இப்போது நாட்டிலுள்ள வீட்டு முகவரிகளிலிருந்து குருட்டாம்போக்கிற் சிலவற்றைத் தெரிந்து, அவற்றுக்குத் தபாலிற் கடிதம் அனுப்பித் தம் குழுவுக்கு ஆள் சேர்க்கின்றனர். இணைய வசதியற்றவர் தெரிவானால் அவருக்கு இணைப்போடு சிறு கணினியொன்றையும் கொடுத்தனர். விடை வராத வீட்டுக்கு மறுபடியும் கடிதம் செல்கின்றது.