தூக்குவதற்கு முன் கட்டுங்கள்

ஒரு தோல் சுற்றிய இரும்பு வளையம், அதிலிருந்து பாதத்தைத் தாண்டி நீளும் இரண்டு கம்பிகள். தாமஸ் ஸ்பிளிண்ட் என்பது இவ்வளவுதான். எலும்பு வைத்தியர் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லிவர்பூலில் டாக்டராகத் தொழில் செய்த ஹ்யூ ஓவன் தாமஸ் (1834–1891) காசநோய் தாக்கிய முழங்காலுக்காக இதை வடிவமைத்தார். அவர் வாழ்ந்தவரை மருத்துவ உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முறிந்த காலை அசையாமல் நிறுத்துவது சிகிச்சைக்கு முன்னால் செய்யும் சில்லறை வேலை அல்ல, அதுவே முதல் சிகிச்சை என்பதை முதல் உலகப் போரில் நிலைநாட்டியது இந்தக் கருவிதான்.

தொடை எலும்பு முறிந்ததும், அதைச் சுற்றியுள்ள வலுவான தசைகள் உடைந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துவிடுகின்றன. கால் குட்டையாகிறது, தொடை பருக்கிறது. ஒவ்வொரு குலுக்கலிலும் கூரிய முனைகள் தசையையும் ரத்தக் குழாய்களையும் கிழிக்கின்றன. வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஒன்று, ஒன்றரை லிட்டர் ரத்தம் தொடைக்குள்ளேயே தேங்கிவிடலாம். மொத்தமே ஐந்து லிட்டர் அளவு ரத்தமுள்ள உடம்பு அதைத் தாங்குவது கடினம். தாமஸின் வளையம் தொடையின் மேல்முனையில் இடுப்பெலும்பில் முட்டி நிற்கும். பூட்ஸைக் கழற்றாமலே கணுக்காலில் கட்டிய துணியைக் கம்பி முனையில் பிணைத்து, ஒரு குச்சியைச் செருகி முறுக்குவார்கள். கால் நீளும், பருத்த தொடை ஒடுங்கும், ரத்தம் தேங்க இடம் குறையும்.

போரின் தொடக்கத்தில் தொடை முறிந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் இறந்தார்கள் என்று சொல்வதுண்டு. தாமஸின் உறவினரும் சீடருமான ராபர்ட் ஜோன்ஸ் இக்கருவியை பிரிட்டிஷ் ராணுவத்தில் வலியுறுத்திப் பரப்பினார். 1917 அராஸ் போரில் இத்தகைய 1009 பேரில் 15.6 சதவீதத்தினரே இறந்ததாக ராணுவ சர்ஜன் ஹென்றி கிரே பதிவுசெய்தார். எண்பது என்பது முறையாக எடுத்த கணக்கல்ல, அதற்குள் அறுவை சிகிச்சையும் முன்னேறியிருந்தது என்பார்கள் சிலர். நியாயமான மறுப்புதான், முழுப் புகழும் ஒரு கருவிக்குச் சேராது. ஆனால் எவ்வளவு திறமையான சர்ஜனாக இருந்தாலும், காயப்பட்டவர் உயிரோடு வந்து சேர்ந்தால்தானே கத்தியை எடுக்க முடியும்?

'கட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடாதா?' என்ற கேள்வியும் வரும். மூச்சு நின்றிருந்தாலோ, வெளியே ரத்தம் பீறிட்டாலோ முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும்; தீயோ வாகனமோ நெருங்கினால் முதலில் அப்புறப்படுத்தத்தான் வேண்டும். அப்படி எதுவும் இல்லாதபோது, கட்டாமல் அள்ளித் தூக்கிச் சேமிக்கும் சில நிமிடங்களைவிட அதனால் இழக்கும் ரத்தம் பெரிது. காலை இழுத்துக் கட்டுவது பயிற்சி பெற்றவர் வேலை. இடுப்பெலும்பும் முறிந்திருந்தால் அவர்களே தயங்குவார்கள். மற்றவர்கள் ஆம்புலன்ஸ் வரும்வரை காலை அசைக்காமல் பிடித்துக்கொண்டாலே போதும். ஆம்புலன்ஸுக்கு வழியில்லாமல் நாமே தூக்கிச் செல்ல நேர்ந்தால், இரு கால்களுக்கும் இடையே மடித்த துணியை வைத்து, முறிந்த இடத்தின்மேல் முடிச்சு விழாமல், நல்ல காலோடு சேர்த்துக் கட்டலாம். விரல்கள் வெளுத்தாலோ மரத்துப்போனாலோ கட்டைத் தளர்த்த வேண்டும்: கட்டின் வேலை எலும்பை நிறுத்துவது, ரத்த ஓட்டத்தை நிறுத்துவதல்ல.